மறந்த பின்னும் வலிப்பது

அத்தியாயம் 9

இந்த வாரம்தான் நம்மோடு வந்து சேர்ந்தவர்களுக்காக நாலு வரி. கொச்கோர் ஊரில் குதிரையேற்றத்தில் பேர் வாங்கியவன் குபாத். போன அக்டோபரில் கோக்-போரு ஆட்டத்தில், குதிரை மேல் இருந்தபடியே ஆட்டுடலைப் பறித்துக்கொண்டு ஓடும் அந்த ஆட்டத்தில், கீழே விழுந்து தலையில் அடிபட்டது. பதினோரு நாள் கண் திறக்கவில்லை. திறந்தபோது பழையதெல்லாம் அப்படியே இருந்தது, புதிதாக எதுவும் ஒட்டவில்லை. காலையில் நடந்தது மதியம் அவனிடம் இருக்காது. காலியான இடங்களை அவனே கதைகளால் நிரப்பிக்கொள்கிறான், கதை என்று தெரியாமலே. பிப்ரவரியில் அவன் அப்பா இறந்துபோனார். அதை அவனிடம் நான்கு முறை சொல்லியாயிற்று. நான்கு முறையும் அப்போதுதான் கேட்பவன் போல அழுதான். இனிமேல் சொல்வதில்லை என்று அவன் மனைவி மீரிம் முடிவெடுத்தபோது போன வார அத்தியாயம் முடிந்துபோனது.

மீரிமுக்கு இப்போதெல்லாம் பொழுது அந்தக் கேள்வியோடுதான் விடியும்.

"குதிரைக்குத் தண்ணி காட்டியாச்சா?"

"ஆச்சு."

"வெளிய பனி இருக்கா?"

"இல்ல. மே மாசம் முடியப் போகுது."

குபாத் ஜன்னல் பக்கம் திரும்பினான். வேலிக்கு அப்பால் புல் முளைத்திருந்தது. "ஆமா, மே மாசம்" என்று தானே கண்டுபிடித்தது போலச் சொன்னான். பிறகு காலுறையை மாட்டிக்கொண்டே, "குதிரைக்குத் தண்ணி காட்டியாச்சா?" என்றான்.

"ஆச்சுங்க."

முதல் இரண்டு மாதம் அலுப்பு தெரியாமல் பார்த்துக்கொண்டாள். ஒவ்வொரு தடவையும் இப்போதுதான் கேட்பது போல முகத்தை வைத்துக்கொண்டு பதில் சொன்னாள். மூன்றாம் மாதம் முகம் ஒத்துழைக்கவில்லை. இப்போது அவன் கேள்வியை முடிப்பதற்குள் பதில் வந்துவிடுகிறது. நேற்று பக்கத்து வீட்டுக்காரி உப்பு கேட்க வந்து வாயைத் திறந்ததும் மீரிம் "ஆச்சு" என்று சொல்லிவிட்டாள். இரண்டு பேரும் சிரித்தார்கள். பக்கத்து வீட்டுக்காரி போன பிறகு மீரிம் கொஞ்ச நேரம் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

டீயில் அவன் உப்பு போட்டான். ஒரு வாய் குடித்துவிட்டு மறுபடி போட்டான். அடிபட்டதிலிருந்து அவனுக்கு வாசனை தெரியாது, ருசியும் பாதிதான். மூன்றாவது தடவை கை நீண்டபோது அவள் உப்புக் கிண்ணத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"அப்பா எங்க?"

"மலைல."

ஒரு வாரமாக இதுதான் பதில். முழுப் பொய் என்றும் சொல்ல முடியாது. ஊர் இடுகாடு மலைச்சரிவில்தான் இருக்கிறது.

வாசலில் ஹாரன் கேட்டது. குபாத்தின் தம்பி சகின் காரோடு வந்திருந்தான். இன்று நாரின் நகரத்தில் மருத்துவக் குழுவின் முன் குபாத்தை நிறுத்த வேண்டும். அவனால் எந்த வேலை முடியும், எது முடியாது என்று அவர்கள் எழுதிக் கொடுப்பார்கள்.

சகின் காரை விட்டு இறங்கவில்லை. அண்ணன் ஆஸ்பத்திரியிலிருந்து வந்த இந்த ஏழு மாதத்தில் அவன் இந்த வீட்டு வாசற்படி ஏறியது மூன்றே தடவை. கூப்பிட்டால் வருவான், சொன்ன வேலையைச் செய்வான், டீ கூடக் குடிக்காமல் போய்விடுவான்.

பின் சீட்டில் ஏற்கெனவே ஒருத்தி முக்கால்வாசி இடத்தை நிரப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். குபாத்தின் அக்கா குல்சூன், முந்தின நாளே ஊருக்கு வந்து சகின் வீட்டில் தங்கியவள்.

"முகத்தைப் பாரு" என்றாள் குல்சூன், குபாத் முன் சீட்டில் ஏறியதும். "வெயில்ல பழுத்த ஆப்பிள் மாதிரி இருக்கான். இவனைப் போய் நோயாளின்னு எழுதிக் குடுங்கன்னு கேக்க நூறு கிலோமீட்டர் போறோம்."

 கார் ஊரைத் தாண்டியது.

"நீ அவனைக் கோழிக்குஞ்சு மாதிரி அடை காக்கிற மீரிம். அதான் அவன் புத்தி மேல வரல."

"அக்கா, முந்தாநேத்து வெறும் கெட்டிலை அடுப்புல வெச்சுட்டு வெளிய போயிட்டாரு. நான் வந்து பாக்கிறப்ப அடி கழண்டு கிடக்கு."

"நானும்தான் கெட்டிலைக் கருக விட்டிருக்கேன். என் தலைல யாரும் அடிக்கலியே."

"உன் வீட்டுக் கெட்டில் கருகாத நாள் எது அக்கா?" என்றான் குபாத் திரும்பிப் பார்க்காமல். "உன் வீட்ல டீ குடிச்சா புகைதான் முதல்ல வரும்."

குல்சூன் சிரித்து அவன் தோளில் தட்டினாள். "பாத்தியா. இந்த வாயி யாருக்கு வரும்? புத்தி கெட்டவன் பேசுற பேச்சா இது?"

அதுதான் சிக்கல். குபாத்தின் பேச்சில் ஒரு கீறல் கூட இல்லை. பத்து நிமிடம் அவனோடு பேசுகிறவர்களுக்கு அவன் பழைய குபாத்தேதான். பதினோராவது நிமிடத்துக்கு யாரும் இருப்பதில்லை. மீரிம் மட்டும் இருக்கிறாள்.

இன்னும் பத்து நாளில் மந்தைகள் மேய்ச்சல் மலைக்கு ஏறும். குல்சூனின் கூடாரமும் ஏறும். குபாத்தைக் கூட்டிப் போய்க் குதிரை மேல் உட்கார வைத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்பது அவள் கட்சி. தலைநகர் பிஷ்கேக்கில் தலையைத் திறந்து மூடிய டாக்டர் மீரிமிடம் சொன்னது வேறு. இன்னொரு அடி விழுந்தால், சின்ன அடியாக இருந்தாலும், என்னிடம் கொண்டு வர வேண்டாம் என்று சொல்லியிருந்தார் அவர்.

"நான் ஒரு வார்த்தை சொல்லிடறேன்" என்றாள் குல்சூன். "லேசான வேலை பாக்கலாம்னு அவங்க எழுதிட்டா, பத்தாம் நாள் இவன் என்கூட மலைக்கு வர்றான். ஆடு மேய்க்கிறது லேசான வேலைதானே? முடியாதுன்னு எழுதிட்டா, நான் வாய் திறக்கமாட்டேன். இதுக்கு மேல என்ன?"

"சரிக்கா."

"எந்த மலைக்கு?" என்றான் குபாத்.

"நம்ம மலைக்குத்தான்டா."

"அப்பா அங்கதானே இருக்காரு? அவருக்கு ஏதாவது எடுத்துட்டுப் போகணுமே."

 குல்சூன் கைப்பையைத் திறந்து எதையோ தேடினாள். தோலோன் கணவாயில் சாலை ஓரத்தில் இன்னும் பனி மிச்சம் இருந்தது. ஏறி முடிக்கும் வரை சகின் ஒரு தடவை கூடக் கண்ணாடியில் பின்னால் பார்க்கவில்லை.

நாரின் ஆஸ்பத்திரியின் நடைபாதை பெஞ்சுகளில் முப்பது பேராவது இருந்தார்கள். இரண்டரை மணி நேரம் காத்திருந்தார்கள். அதற்குள் குபாத் பாதிப் பேரைச் சிரிக்க வைத்துவிட்டான். கட்டை வைத்துக் கட்டிய கையோடு இருந்த ஒரு பெரியவர் அவனை அடையாளம் கண்டுகொண்டார்.

"நீ கொச்கோர் அணிக்கு ஆடினவன் இல்ல?"

"இப்பவும் ஆடறேன். போன ஞாயித்துக்கிழமை கூட ரெண்டு கோல் போட்டேன்."

போன ஞாயிற்றுக்கிழமை அவன் கொல்லையில் ஒரே விறகுக் கட்டையை நாலு மணி நேரம் இடம் மாற்றி மாற்றி வைத்துக்கொண்டிருந்தான். பெரியவர் சந்தோஷமாகத் தலையாட்டினார். மீரிம் சுவரில் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடினாள். மூடிய கண்ணுக்குள்ளேயும் அவன் குரல் கேட்டுக்கொண்டே இருந்தது.

உள்ளே மூன்று பேர் இருந்தார்கள். நடுவில் ஒரு வயதான அம்மாள், டாக்டர் பெர்மெத், மூளை நரம்பு பார்ப்பவர். சளி பிடித்து மூக்கு சிவந்திருந்தது. பக்கத்தில் ஓர் இளம் டாக்டர். ஓரத்தில் எழுதுகிற பெண். சகின் வெளியே நின்றுவிட்டான். மீரிமும் குல்சூனும் சுவரோரம் உட்கார்ந்தார்கள்.

குபாத் வெள்ளைத் தொப்பியைக் கழற்றி முழங்கால் மேல் வைத்தான். இடது காதுக்கு மேலே முடி முளைக்காத நீளத் தழும்பு தெரிந்தது.

"இன்னிக்கு என்ன கிழமை?" என்றார் இளம் டாக்டர்.

"நீங்க வேலைக்கு வந்திருக்கீங்க. அப்ப ஞாயித்துக்கிழமை இல்ல."

எழுதுகிற பெண் சிரித்தாள்.

"மூணு வார்த்தை சொல்றேன். ஞாபகம் வெச்சுக்குங்க. சாவி, ஏரி, செருப்பு."

"சாவி, ஏரி, செருப்பு. ஏரிக்கரைல செருப்பைக் கழட்டி வெச்சேன், சாவி தண்ணிக்குள்ள போயிடுச்சு. போதுமா?"

இப்போது டாக்டரும் சிரித்தார். கையை மடக்கச் சொன்னார், விரலைத் தொடச் சொன்னார், கூட்டல் கழித்தல் கேட்டார். எல்லாம் சரியாக வந்தது. கொஞ்ச நேரம் கழித்து அந்த மூன்று வார்த்தைகளைக் கேட்டார்.

குபாத்தின் முகத்தில் ஒரு கணம் ஒன்றுமே இல்லை. மீரிமுக்கு அந்த முகம் தெரியும். விளக்கு போட மறந்த அறை மாதிரி இருக்கும். அடுத்த கணமே சிரிப்பு வந்துவிட்டது.

"டாக்டர், நான் எட்டாவதோட பள்ளிக்கூடத்தை விட்டவன். இந்த மாதிரி வாத்தியார் வேலை பண்ணினதாலதான் விட்டேன்."

"சரி, சரி." இளம் டாக்டர் காகிதத்தில் எதையோ எழுதினார். பெர்மெத்திடம் தாழ்ந்த குரலில் பேசினார். கவனம் கொஞ்சம் குறைவு, படிப்பு இல்லாதது ஒரு காரணம், மற்றபடி நல்ல முன்னேற்றம், லேசான வேலை பார்க்கலாம் என்று மீரிமின் காதில் துண்டு துண்டாக விழுந்தது.

குல்சூன் அவள் முழங்கையை இடித்தாள். "கேட்டியா?"

பெர்மெத் மூக்கைத் துடைத்துக்கொண்டு முதல் தடவையாக வாய் திறந்தார். "வீட்ல யார் யார் இருக்கீங்க தம்பி?"

"என் பொண்டாட்டி, அதோ. பொண்ணு ஐசாதா, பதிமூணு வயசு. அப்புறம் எங்கப்பா."

"அப்பாவுக்கு உடம்பு எப்படி?"

"அவருக்கென்ன? எழுபத்தாறு வயசு, பல்லு கூட முழுசா இருக்கு. காலைல ரெண்டு பேரும் ஒண்ணாத்தான் டீ குடிச்சோம். 'பெரிய மனுஷங்களைப் பாக்கப் போற, நீலச் சட்டை போட்டுக்க'ன்னு இதை எடுத்துக் குடுத்ததே அவர்தான்."

"நல்லது" என்று பெர்மெத் குறித்துக்கொண்டார்.

அந்த அறையில் அது பொய் என்று தெரிந்தவர்கள் இரண்டு பேர்தான். மீரிம் குல்சூனைப் பார்த்தாள். செத்தவர் அவளுக்கும் அப்பா. அவள் சொல்லலாம். குல்சூன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கழுத்து வரை சிவந்திருந்தது, வாய் மட்டும் திறக்கவில்லை.

சொன்னால் என்ன ஆகும் என்று மீரிமுக்குத் தெரியும். நான்கு தடவை பார்த்தவள். சொல்லாவிட்டால் பத்து நாளில் அவன் குதிரை மேல் இருப்பான். எந்தச் சரிவில் ஏறினோம், எந்தப் பக்கம் இறங்க வேண்டும் என்று தெரியாமல் மலையில் தனியாக இருப்பான்.

இளம் டாக்டர் முத்திரையைக் கையில் எடுத்தார்.

"டாக்டரம்மா" என்றாள் மீரிம். எழுந்து நின்றுவிட்டாள் என்று பிறகுதான் அவளுக்கே தெரிந்தது. "இவங்கப்பா இறந்து மூணு மாசத்துக்கு மேல ஆச்சு."

இளம் டாக்டர் முத்திரையைக் கீழே வைத்தார்.

"என்ன சொல்ற?" என்றான் குபாத். சிரிப்பு இன்னும் முகத்தில் இருந்தது. "அக்கா, இவ என்ன சொல்றா?"

குல்சூன் நிமிரவில்லை.

"அக்கா."

"ஆமாடா" என்றாள் குல்சூன். "பிப்ரவரில. தூக்கத்துலயே."

குபாத் மெல்ல எழுந்தான். தொப்பி கீழே விழுந்தது. இரண்டு கையையும் இடுப்பில் வைத்துக்கொண்டான், சாவு வீட்டுக்குத் தூரத்திலிருந்து அழுதுகொண்டே வரும் ஆண்கள் வைத்துக்கொள்வது போல. உடம்பை முன்னால் சாய்த்து, குரலை எடுத்தான்.

"அப்பா. என் அப்பா. என் மலையே சாஞ்சிட்டியே அப்பா."

அது அறைக்குள் அடங்குகிற குரல் இல்லை. திறந்த வெளியில், கூடாரத்துக்கு நூறு அடி தள்ளி எழ வேண்டிய குரல். மேசைக் கண்ணாடி அதிர்ந்தது. எழுதுகிற பெண் பேனாவை வைத்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். வெளியே நடைபாதையில் பேச்சு நின்றது. கதவிடுக்கில் மீரிம் பார்த்தாள். பெஞ்சில் இருந்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்து நின்றார்கள். யார் செத்தது என்று யாருக்கும் தெரியாது. கையில் கட்டோடு இருந்த பெரியவர் ஒற்றைக் கையை ஏந்தி ஏதோ ஓதினார். எல்லோரும் ஆமீன் சொல்லி முகத்தைத் தடவிக்கொண்டார்கள்.

"நான் மண்ணு போடலியே" என்று குபாத் மீரிமைப் பார்த்துக் கேட்டான். "எங்கப்பாவுக்கு நான் மண்ணு போடலியே. ஏன் யாரும் என்கிட்ட சொல்லல? நீ ஏன் சொல்லல?"

ஐந்தாவது தடவையாக அவள் அந்தக் கேள்விக்குத் தலை குனிந்தாள்.

இயலாமையில் இரண்டாம் பிரிவு என்று எழுதினார்கள். வேலை கூடாது, குதிரை கூடாது, தனியே விடக் கூடாது. ஒரு வருடத்துக்குச் செல்லும். அடுத்த மே மாதம் மறுபடி வந்து காட்ட வேண்டும்.

அடுத்த மே மாதம் என்று மீரிம் மனதுக்குள் சொல்லிப் பார்த்தாள். அதற்குள் சரியாகிவிடும் என்று நினைக்கவும் இல்லை, ஆகாது என்று நினைக்கவும் இல்லை. அந்த இரண்டில் எதையும் நினைக்க உடம்பில் தெம்பு இல்லை.

பெர்மெத் அவளை ஜன்னல் பக்கம் தனியே கூப்பிட்டார். அதற்குள் குபாத் அழுகையை நிறுத்தியிருந்தான். குல்சூனும் சகினும் அவனைப் படிக்கட்டில் இறக்கிக்கொண்டிருந்தார்கள்.

"அந்தப் பையன் முத்திரை குத்தியிருப்பான்" என்றார் பெர்மெத். "நானும் விட்டிருப்பேன். நீ சொன்னது நல்லதாப் போச்சு."

"அவரை அழ வெச்சுட்டேன் டாக்டரம்மா. காகிதத்துக்காக அழ வெச்சுட்டேன்."

"கார்ல ஏறும்போது அவருக்கு இது ஞாபகம் இருக்காது."

"தெரியும். அதுதான் ஒரே ஆறுதல்."

பெர்மெத் கொஞ்சம் தயங்கினார். "அது பாதிதான் சரி. கேட்டுக்க. நடந்ததை எழுதி வெச்சுக்கிற இடம் மூளைல ஒண்ணு. அதுலதான் இவருக்கு அடி. அதனால வந்த வலியை, பயத்தை வெச்சுக்கிறது வேற இடம். அது இவருக்கு நல்லாத்தான் வேலை செய்யுது. செய்தி போயிடும், வலி போகாது. இன்னும் ரெண்டு மூணு நாளைக்கு மனசு கனமா இருப்பாரு. ஏன்னு தெரியாது. தெரியாததால யார் மேலயாவது போடுவாரு."

மீரிம் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். சில நாள் காலையில் எந்தக் காரணமும் இல்லாமல் அவன் அவளை முறைப்பான், அவள் கொடுத்த ரொட்டியை வாங்க மாட்டான். அடிபட்ட குணம் என்று நினைத்திருந்தாள். இப்போது கணக்கு புரிந்தது. அப்பா செத்த செய்தியை நான்கு தடவையும் கொண்டு போனவள் அவள்தான்.

"என் மேலதான் டாக்டரம்மா" என்றாள். "போடறதுக்கு வேற யார் இருக்காங்க?"

பெர்மெத் அவள் கையைப் பிடித்தார். "தூங்கறியா நீ?"

அந்தக் கேள்வியை ஏழு மாதத்தில் ஒருவரும் கேட்டதில்லை. பதில் சொல்ல வாயைத் திறந்தாள், "ஆச்சு" என்று வந்துவிட்டது.

காரில் குபாத் பின் சீட்டில் ஏறி உட்கார்ந்திருந்தான். மீரிம் பக்கத்தில் ஏறப் போனாள்.

"நீ முன்னால போ. அக்கா இங்க உக்காரட்டும்."

அவள் முன்னால் போய் உட்கார்ந்தாள். குல்சூன் பின்னால் ஏறினாள்.

கணவாய் ஏறும்போது மெல்லிய மழை பிடித்தது. நாரின் நகரமே மறைந்து வெகு நேரம் கழித்துப் பின் சீட்டிலிருந்து குபாத்தின் குரல் வந்தது. கேலி எதுவும் இல்லாத குரல்.

"அக்கா. எனக்கு ஏன் இப்படி இருக்கு?"

"எப்படிடா?"

"நெஞ்சுல கல்லை வெச்ச மாதிரி. நம்ம வீட்ல யாராவது செத்துட்டாங்களா?"

மீரிம் முன்னால் சாலையையே பார்த்தாள். துடைப்பான் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போய் வந்தது. இனி இவள் சொல்லட்டும், தீரட்டும், ஆறாவது தடவை என் வாயால் முடியாது என்று நினைத்தாள்.

"இல்லடா தம்பி" என்றாள் குல்சூன். "யாரும் சாகல. மலை ஏறினா உனக்குச் சின்ன வயசுலேர்ந்தே இப்படித்தான். காத்து ஒத்துக்காது."

"அப்பா நல்லா இருக்காரா?"

"இருக்காரு. மலைல இருக்காரு."

மீரிம் கண்ணாடியில் பார்த்தாள். குல்சூன் தம்பியின் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டு, மறு கையால் தன் வாயை இறுக்கிப் பிடித்திருந்தாள். கண்ணீர் விரல்களுக்கு மேல் வழிந்தது. தம்பிக்கு நோயே இல்லை, மீரிம் பொய்க்காரி என்று ஏழு மாதமாக ஊர் முழுக்கச் சொன்னவள் அவள்.

சாரிபுலாக்கில் டீ குடிக்க நிறுத்தினார்கள். குல்சூனின் வீடு அங்கிருந்து பக்கம்தான். அவள் இறங்கிக்கொண்டாள். குபாத் கடைக்காரியிடம் சம்சா கேட்டுக்கொண்டிருந்தபோது மீரிமின் அருகே வந்து நின்றாள்.

"நான் சொல்லியிருக்கணும்" என்றாள். "எங்கப்பன் செத்ததை நான் சொல்லியிருக்கணும். நீ சொல்லட்டும், அவன் கண்ணுல நீயே கெட்டவளா இருந்துக்கன்னு தரையைப் பாத்துட்டு உக்காந்திருந்தேன்."

"விடுங்கக்கா."

"வெள்ளிக்கிழமை வர்றேன். ரெண்டு நாள் நான் பாத்துக்கறேன். நீ உங்கம்மா வீட்டுக்குப் போயித் தூங்கு." அதற்குமேல் நிற்கவில்லை. மழையில் வேகமாக நடந்து போனாள்.

மறுபடி கிளம்பும்போது குபாத்தை முன் சீட்டில் உட்கார வைத்து, மீரிம் பின்னால் ஏறினாள். குபாத் சம்சாவை மடியில் வைத்துக்கொண்டு வெளியே பார்த்துக்கொண்டிருந்தான்.

"பெல்ட்டு போடல அண்ணே" என்று சகின், ஓட்டுகிற இடத்திலிருந்து சாய்ந்து, அண்ணனுக்குக் குறுக்கே கையை நீட்டினான்.

குபாத்தின் இடது முழங்கை சட்டென்று தலைக்கு மேல் எழுந்தது. தழும்பு இருக்கும் பக்கத்தை மறைத்துக்கொண்டு கதவோடு ஒட்டினான். சம்சா காலடியில் விழுந்தது.

"கையை எடு."

"பெல்ட்டுதான் அண்ணே."

"கையை எடுடா."

சகின் கையை எடுத்தான். குபாத்துக்கு மூச்சு வாங்கியது. தன் முழங்கையைத் தானே பார்த்தான், அது ஏன் அங்கே போனது என்று விளங்காதவன் போல. பிறகு மெல்லக் கீழே இறக்கி, பெல்ட்டைத் தானே இழுத்து மாட்டிக்கொண்டான்.

குபாத் மூத்தவன், சகினைத் தோளில் தூக்கி வளர்த்தவன். தம்பி தொட்டால் ஒதுங்கியவன் இல்லை.

செய்தி போயிடும், வலி போகாது என்று அந்த அம்மாள் சொன்னது மீரிமுக்குள் ஓடியது. பயத்தையும் சேர்த்துத்தானே சொன்னார். கண்ணாடியில் சகினின் கண்ணைத் தேடினாள். அவன் கண் அவளுக்கு முன்பே அங்கே வந்திருந்தது. ஒரு நொடி. பிறகு அவன் சாலைக்குத் திரும்பிவிட்டான்.

குதிரை தடுக்கியது, அண்ணன் விழுந்தான். அன்று மைதானத்திலிருந்து ஓடி வந்து அவளிடம் சொன்னவன் சகின்தான். அவனைத் தவிர பக்கத்தில் யாரும் இல்லை என்றும் அவன்தான் சொன்னான்.

வீடு வந்தபோது வெளிச்சம் இன்னும் மிச்சம் இருந்தது. மழை விட்டிருந்தது. ஐசாதா வாசலுக்கு ஓடி வந்தாள்.

"அப்பா, நான் ரொட்டி சுட்டேன். கருகல."

"உங்க அத்தைக்குச் சொல்லிக் குடு" என்றான் குபாத். மகள் தோளில் கை போட்டுக்கொண்டு உள்ளே போனான். படியில் நின்று திரும்பினான். "மீரிம், குதிரைக்குத் தண்ணி காட்டிரு."

"சரிங்க."

கதவு மூடியது. மீரிம் காரின் பின்பக்கமிருந்து பையை எடுத்தாள். சகின் இறங்கவில்லை, கிளம்பவும் இல்லை. இரண்டு கையும் ஸ்டீயரிங் மேல் இருந்தன.

"அண்ணி."

அவள் நின்றாள்.

"அன்னிக்கு மைதானத்துல நடந்ததைப் பத்தி உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்."

ஏழு மாதத்தில் இப்படி ஒரு வாக்கியத்தை யாராவது தொடங்கியிருந்தால் அவள் அவன் சட்டையைப் பிடித்து உலுக்கியிருப்பாள். இன்று கால் ஓய்ந்துவிட்டது. உள்ளே போய்க் காலணியைக் கூடக் கழற்றாமல் படுக்க வேண்டும் போல இருந்தது. இன்னொரு செய்தியை வாங்கி வைக்க அவளிடம் இடமே இல்லை.

"இன்னிக்கு வேண்டாம் தம்பி. இன்னிக்கு என்னால முடியல. நாளைக்கு வாங்க, சொல்லுங்க."

அவன் தலையாட்டினான். சாவியைத் திருகினான். இன்ஜின் உறுமியது. அவள் வேலிக் கதவில் கை வைத்தாள்.

"நாளைக்கு நான் வரமாட்டேன் அண்ணி" என்றான் அவன் பின்னாலிருந்து.  "எனக்கு என்னைத் தெரியும். இவ்ளோ நாளும் தினம் நாளைக்குன்னுதான் இருந்தேன்."

மீரிம் திரும்பவில்லை. உள்ளே குபாத் எதற்கோ சிரிப்பதும் ஐசாதா கூடச் சிரிப்பதும் கேட்டது. அவன் மனசு கனமாக இருப்பது மகளுக்குத் தெரியாது. ஏன் என்று அவனுக்கும் தெரியாது. அவன் முழங்கைக்கு மட்டும் ஏதோ தெரிந்திருந்தது.

பையை ஈரப் புல்லில் வைத்தாள். காரைச் சுற்றி வந்து முன் கதவைத் திறந்து, குபாத் உட்கார்ந்திருந்த இடத்தில் உட்கார்ந்தாள். கதவைச் சாத்தினாள்.

"இன்ஜினை நிறுத்துங்க" என்றாள். "இப்ப சொல்லுங்க."